லிஃப்ட் ஏற்றாத இருவர்

அன்றைக்குக் கரைத்த கலோரியைவிட அதிகமாகச் சாப்பிட்டவர்களை அந்தக் குடியிருப்பின் லிஃப்ட் ஏற்றாது. "படிக்கட்டு அந்தப் பக்கம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கதவை மூடிக்கொள்ளும். அந்த மரியாதைதான் எரிச்சல்.

ஒன்பதாம் மாடி மாசிலாமணியும் பத்தாம் மாடி ஜெரால்டும் தினமும் மாலையில் அதனிடம் அவமானப்பட்டார்கள். இருவரும் கார் நிறுத்தும் தகராறில் பல வருடமாகப் பேசாதவர்கள். முதலில் ஒருவர் மூச்சிரைப்பை மற்றவர் கேட்டபடி ஏறினார்கள். பிறகு ஒருநாள் ஐந்தாம் மாடியில் ஜெரால்டு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அப்புறம் வீடு வந்த பின்னும் படியிலேயே உட்கார்ந்து, கண் ஆபரேஷன் பயத்திலிருந்து மகளின் விவாகரத்து வரை பேசினார்கள்.

நேற்று மாலை மாசிலாமணிக்கு லிஃப்ட் திறந்துகொண்டது. "வாழ்த்துகள். எட்டு கிலோ குறைந்திருக்கிறீர்கள்" என்றது.

அவர் பெருமையோடு உள்ளே ஒரு காலை வைத்தார். பிறகு படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். வைத்த காலை மெதுவாக எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்கு நடந்தார்.

"வாழைக்காய் பஜ்ஜி நாலு. சட்னி நிறைய ஊத்துங்க."

கடை பெஞ்சில் எண்ணெய்க் காகிதத்தோடு ஜெரால்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், நீங்க இங்க?"

ஜெரால்டு நகர்ந்து இடம் விட்டார்.

"போன வாரமே எனக்குத் திறந்துடுச்சு சார். தினமும் ஆறு பஜ்ஜி சாப்பிட்டுத்தான் உங்ககூட ஏறிட்டிருக்கேன்."