பென்சில் வட்டம்

விச்சு இறந்து இருபது நாள் ஆகியிருந்தது. அவருடைய பழைய காரை விற்பதற்கு முன் எஞ்சின் ஆயில் கசிவைச் சரிசெய்ய நினைத்தாள் மகள் ப்ரீதி. வானவடியில் இருந்த வீட்டின் கார் ஷெட்டில், வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்துவிட்டுப் பூட்டினாள். அப்பாவும் அப்படித்தான் செய்வார். காலையில் சொட்டு விழுந்த இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் தேதி எழுதுவார்.

மறுநாள் காலை அவள் ஷெட்டைத் திறந்தபோது, சொட்டைச் சுற்றி வட்டம் இருந்தது. பக்கத்தில் அன்றைய தேதி, 17. ஏழின் நடுவே அப்பா எப்போதும் போடும் குறுக்குக் கோடும் இருந்தது.

"அம்மா, இதை நீ எழுதினியா?"

"அரே, சாவி உங்கிட்டதானே இருந்தது?" அம்மா பட்டு குனிந்து அந்த எழுத்தை விரலால் தொட்டாள்.

ப்ரீதி பழைய ஆயிலை வடித்துவிட்டு, அடி போல்ட்டின் தேய்ந்த வாஷரை மாற்றி இறுக்கினாள். புது ஆயில் ஊற்றி, வண்டிக்கு அடியில் வேறு அட்டையை விரித்தாள்.

பதினெட்டாம் தேதி அட்டை சுத்தமாக இருந்தது. பத்தொன்பதாம் தேதியும் அதில் சொட்டு இல்லை, வட்டமும் இல்லை.

இருபதாம் தேதி, கார் வாங்க வருவதாக இருந்தவரை வர வேண்டாம் என்று பட்டு போனில் சொன்னாள். பென்சிலைச் சீவி அட்டையின் ஓரத்தில் வைத்தாள். ஸ்பேனரை மகளிடம் நீட்டினாள்.

"கொஞ்சமா லூஸ் பண்ணுடீ. ஒரு சொட்டு விழுந்தாப் போதும்."