கன்னத்தில் குடியிருப்பவர்

துறைமுகத்தைப் பார்த்த கிளினிக் ஜன்னலால் வரும் வெயில் றுஷ்தாவின் கன்னத்துப் புண்ணில் விழுகிறது. மணல் ஈ கடித்ததால் வந்த புண். என்னுடையது காதில், அதை இனி யார் பார்க்கப்போகிறார்கள். கிழமைக்கொரு ஊசிக்கு வந்து வந்து, நாங்கள் குந்தியிருக்கும் இந்த வாங்குக்கும் எங்களைப் பார்த்து அலுத்துவிட்டது. "நோன்பு முடியக் கலியாணம், டொக்டர். நோகவே இல்லையே, கிருமி செத்திருக்கும்தானே?" என்கிறாள் றுஷ்தா. டொக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்குகிறார். "நோகாம இருக்கிறதுதான் மகள் அதின்ட கெட்டித்தனம். கிருமியைப் பிடிச்சுத் தின்ன வாற ரத்த வெண்குழியத்துக்குள்ளேயே போய்க் குடியிருக்குது. இன்னும் உயிரோடதான் கிடக்கு." "எங்கட மச்சானும் அப்பிடித்தான்," என்கிறேன். "கலைச்சுத் துரத்தப் போன என்ட வீட்டிலயே இருந்து தின்னுறார்." ஒருவரும் சிரிக்கவில்லை. புண்ணின் விளிம்பில் ஊசி இறங்குகிறது. அவள் ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்தபடி நங்கூரமிட்ட கப்பலையே பார்க்கிறாள். சத்தமில்லை, கண்ணீர் மட்டும் புண்ணைச் சுற்றி வழிகிறது. அடுத்தது நான். ஊசி காதைத் தொட முதலே, "ஐயோ, மாதாவே!" என்று கத்துகிறேன். "அங்கிள், இன்னும் குத்தவே இல்லை!" ஈரக் கன்னத்தோடு றுஷ்தா சிரித்துவிடுகிறாள். குத்தும்போது, தேவைக்கு மேலேயே கொஞ்சம் பலமாகக் கத்துகிறேன்.