ஜன்னல் வெட்டிய அட்டை

"எழுத்தப் பாத்தா தலை சுத்துதுங்கிற புள்ளைக்கு எதுக்குத் தனி வகுப்பு? அண்ணன் கடுதாசிய வாசிச்சுக் காட்ட நான் இருக்கேன்ல," என்றாள் பேச்சியம்மா.

பதினைந்து வயதிலும் எழுத்துகள் அவள் மகள் கோகிலாவின் கண்ணுக்கு இடம் மாறி ஓடின. பள்ளிக்கூட மிஸ் மட்டும் அவளை விடவில்லை. ஓர் அட்டையில் ஒரு சொல் அளவுக்கு ஜன்னல் வெட்டிக் கொடுத்திருந்தார்.

"ஒரு சொல்லை மட்டும் பார். மற்றதெல்லாம் மறைஞ்சிருக்கட்டும். உனக்கு ஏலும்."

அண்ணன் இராமர் கட்டாருக்குப் புறப்பட்டு ஒரு வருடம். மாதம் ஒரு கடிதம் வரும். அம்மா தனியாக உறையைப் பிரித்துவிட்டு வந்து வாசிப்பாள். "இங்க சரியான வெயில். தங்கச்சிய நல்லாப் பாத்துக்கங்க."

அன்றும் அப்படியே வாசித்து, கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு, கொழும்பு ஜிந்துப்பிட்டிக் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

கோகிலா கடிதத்தை எடுத்து அட்டையை வைத்தாள். அம்மா வருவதற்குள் பழகி, அசத்திவிட வேண்டும். முதல்முறையாக ஒரு பக்கம் முழுவதையும் தவறில்லாமல் வாசித்து முடித்தாள்.

அம்மா குடத்தோடு உள்ளே வந்தாள்.

"நில்லுங்கம்மா, வாசிச்சுக் காட்டுறேன்." கோகிலா அட்டையை மெல்ல நகர்த்தினாள். "விமான நிலைய வீதியில் இராணுவத்திடம் பிடிபட்ட உங்கள் மகன் இராமரின் பெயர் இந்த மாதமும் எந்தத் தடுப்பு முகாமின் பட்டியலிலும் இல்லை. இப்படிக்கு, உங்கள் வழக்கைப் பார்க்கும் சட்டத்தரணி."

அம்மா இடுப்புக் குடத்தை இறக்காமல் நின்றாள்.

"அந்த வெயில் எந்த வரியிலம்மா இருக்கு?"