மஞ்சள் பூ வைத்த துணிமாலை

"இந்த மாலைய இதுவரைக்கும் எத்தின சோடி போட்டிருப்பாங்க?"

வந்த பெண் மாலையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு கேட்டாள். ராகுலனுக்கு மனம் கொஞ்சம் லேசானது. விற்பனைக்கு என்று நேற்று இணையத்தில் போட்டதற்கு இன்றே ஆள் வந்துவிட்டது.

"பத்தொன்பது சோடி, மிஸ். ஒரு தையல்கூட விடேல்லை. என்ர மனுசி தைச்சது."

தைத்தவளான ரஜனி உள்ளே மரத்தில் செய்த அலங்காரக் கேக்கைப் பழைய போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது அந்த ஸ்டூடியோ. ரயில் போகும்போதெல்லாம் சுவரில் தொங்கும் மணமக்கள் லேசாகத் தலையாட்டுவார்கள். அவர்களை இறக்கும் நேரம் வந்துவிட்டது. மாத முடிவில் கடைச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வந்தவள் தன் பெயர் ருஷ்தா என்றாள். கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஓர் ஒபிஸில் வேலையாம். முக்காடு போட்ட ஒரு முஸ்லிம் பெண்ணுக்கு இந்துக் கலியாண மாலை எதற்கு என்று கேட்க ராகுலனின் நாக்கு துடித்தது. வாங்க வந்தவரைக் குடைவது அழகில்லை என்று அடக்கிக்கொண்டான். ஆனால் அவள்தான் அவனைக் குடைந்தாள். ஏன் துணியில் மாலை? ஏன் எல்லோருக்கும் ஒன்றையே கொடுக்கிறீர்கள்?

ராகுலன் யானையின் கதையைச் சொன்னான்.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு கலியாணத்துக்கு மறுநாள், வெள்ளவத்தைக் கால்வாயில் ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பலகையில் வெட்டிய ஒரு யானையைக் கண்டான். முதல்நாள் மணமேடையில் அவன் படம் பிடித்த அதே யானை. ஒரு காது உடைந்திருந்தது. தும்பிக்கையை உயர்த்தியபடி, அவசரமே இல்லாமல், கடலைப் பார்த்து மிதந்து போனது. பாலத்தில் நின்று அது மறையும் வரை பார்த்தான். அன்றிலிருந்து, ஒருநாள் அழகுக்கென்று எதையும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தான். புடவைக்கடை வெட்டுத்துண்டுகளில் மாலை, பலாமரத்தில் மூன்றடுக்குக் கேக், ஒரு பட்டுத்திரை, ஒரு மயில் விளக்கு. எந்த வீட்டுக் கலியாணம் என்றாலும் இவைதான் போகும். கடதாசியும் வீணாகக் கூடாது என்று, ஒரு கலியாணத்துக்குப் பன்னிரண்டு படங்கள் மட்டுமே அச்சிட்டுக் கொடுப்பான்.

"பன்னிரண்டா? அவ்வளவுதானா?"

ருஷ்தா அதை இரண்டு தடவை கேட்டாள். பிறகு ஒரு குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டாள். பத்திரிகையில் எழுதுகிறவளாக இருக்குமோ என்று ராகுலன் யோசித்தான். அப்படியென்றால் நல்ல நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறாள்.

இவ்வளவு யோசித்துச் செய்ததை ஏன் விற்கிறீர்கள் என்று அவள் கேட்டபோது, ராகுலன் வாசலைப் பார்த்தான். ரஜனிதான் வெளியே வந்து பதில் சொன்னாள்.

"ராசியில்லாத ஸ்டூடியோவாம், மிஸ். இஞ்ச படம் எடுத்தா விசா வராதாம்."

முதல் மாப்பிள்ளையின் சொந்தம், சிநேகிதம் என்று ஒருவர் சொல்லி ஒருவராக, பத்தொன்பது மாப்பிள்ளைகளும் ஒரே வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். மூன்று வார லீவில் வந்து, தாலி கட்டிவிட்டுத் திரும்பிப் போனவர்கள். வேறு இடங்களில் படம் எடுத்த பெண்கள் சில மாதங்களில் பிளேன் ஏறிவிட்டார்கள். இங்கே எடுத்த பத்தொன்பது பெண்களும் இன்னும் இங்கேதான். இப்போது கடைத்தெருவான காலி வீதி முழுக்க அதுதான் கதை. இருந்த ஒரே ஒரு சனிக்கிழமைக் கலியாணத்தையும் இன்று காலை பெண்ணின் தகப்பன் போனில் நிறுத்திவிட்டார்.

"இஞ்ச படம் எடுத்த அபிஷன் எண்ட மாப்பிள்ளையின்ர மனுசி முந்தநாள் இதிலை இருந்து அழுதிட்டுப் போனவள். பிள்ளைக்குப் பத்து மாசம். தகப்பன் இன்னும் ஒருக்காக்கூடத் தூக்கேல்லை," என்றாள் ரஜனி. "இவர் விக்கப் பாக்கிறார். மற்றதுகள் போகட்டும். அந்த மாலையை நான் எரிக்கப்போறன். இன்னொரு பிள்ளையின்ர கழுத்திலை அது விழக் கூடாது."

ருஷ்தா மாலையைக் கொடுக்கவில்லை. மெல்லத் திருப்பினாள். அவள் விரல், தேடாமலே, சிவப்புப் பூக்களுக்கு நடுவில் இருந்த ஒரே ஒரு மஞ்சள் பூவில் போய் நின்றது.

"இந்த எடத்துல சிவப்புத் துணி முடிஞ்சிட்டா?"

ரஜனி வெட்கத்தோடு தலையசைத்தாள். மாலையைப் போட்ட ஒருவர்கூட இதுவரை அதைக் கவனித்ததில்லை.

கலியாணங்கள் எழுதிவைத்த கொப்பியைப் பார்க்கலாமா என்று ருஷ்தா கேட்டாள். ராகுலன் பெருமையோடு கொடுத்தான். அவள் ஒவ்வொரு பெயராக வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் முகத்தில் இரத்தம் வற்றிக்கொண்டு போனது.

"அண்ணா, உண்மையச் சொல்லுங்க. இதெல்லாம் மெய்யான கலியாணந்தானா?"

ராகுலனுக்குச் சிரிப்பு வந்தது. "பத்தொன்பதிலையும் நான் இருந்து சாப்பிட்டனான், மிஸ். அபிஷன் தாலி கட்டேக்கை கை நடுங்கி முடிச்சு விழேல்லை. நான் கமராவை வைச்சிட்டுப் போய்ப் பிடிச்சுக் குடுத்தனான்."

ருஷ்தா கைப்பையைத் திறந்தாள். காசு எடுக்கிறாள் என்று நினைத்தான். அவள் எடுத்து மேசையில் வைத்தது ஒரு படம். மரக் கேக்குக்கு முன்னால் அபிஷனும் அவன் மனைவியும். அவள் கழுத்தில் அந்த மஞ்சள் பூ.

"நான் விசா ஒபிஸ்ல வேல செய்றேன். நேத்து உங்கட விளம்பரத்துல இந்தப் பூவக் கண்டுதான் வந்தேன்," என்றாள். "விசாவுக்கு அத்தாட்சியா வெச்ச கலியாணப் படமெல்லாம் ஒரே மாலை, ஒரே கேக், பன்னிரண்டே படம்... பத்தொன்பது ஃபைலையும் பொய்க் கலியாணமெண்டு எழுதி நிப்பாட்டினது நான்தான்."