அம்மா பக்கத்து வரலாறு

“சார், நான் உசுரோட கீறனா, செத்துப் பூட்டனா?”

கேசவன் நோட்டை மேசைமேல் வீசினார். ஹெட்மாஸ்டர் முரளிதரன் அவசரமாக எதிர் நாற்காலியைக் காட்டினார். ஆந்திராவில், புத்தூர்ப் பக்கத்தில் இருபத்தோரு பிள்ளைகளோடு ஓடும் தமிழ் ஆரம்பப் பள்ளி. பெற்றோர் கமிட்டிக்குக் கேசவன்தான் சேர்மன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் பாதிப் பிள்ளைகள் கான்வென்ட்டுக்குப் போய்விடுவார்கள்.

முரளிதரன் நோட்டைப் பிரித்தார். கேசவன் மகன் பவன்குமாரின் கையெழுத்து. நாலாம் வகுப்பு. ‘எங்கள் வீட்டு வரலாறு.’ அம்மா பேர், அம்மாவைப் பெற்றவள் பேர், அவர்கள் பிறந்த ஊர், பார்த்த வேலை. அவ்வளவுதான்.

“நைனா இல்ல, தாத்தா இல்ல. இன்னா வரலாறு சார் இது?”

முரளிதரன் ஷோபா டீச்சரைக் கூப்பிட்டு விட்டார்.

“நான்தான் சார் அம்மா பக்கம் மட்டும் எழுதச் சொன்னேன். எல்லாருக்கும்தான்.”

“புக்குல அப்படியாம்மா இருக்குது?” என்று கேட்டார் முரளிதரன்.

“இல்ல சார். ரெண்டு பக்கமும் எழுதணும்.”

“கேட்டுக்கினீங்களா சார்? நாளைக்கே திருப்பதி போயி டி.இ.ஓ. கிட்ட எழுதிக் குடுக்கறேன்.”

“ஒரு சாரி சொல்லிடும்மா” என்றார் முரளிதரன், கெஞ்சாத குறையாக.

ஷோபா சொல்லவில்லை. “கிளாஸ்ல ஒரு பொண்ணு, அம்மாவோட மட்டும் இருக்குது சார். அதுக்காகத்தான்.”

கேசவன் சிரித்தார். “அப்பன் பேரு தெரியாத ஒரு குட்டிக்காக, ஊர்ப் புள்ளைங்க எல்லாம் அப்பன அழிச்சிடணுமா?”

ஷோபா முரளிதரன் பக்கம் திரும்பினாள்.

“ஹெட்மாஸ்டர் சார், நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா? இவர்கிட்ட தனியா பேசணும்.”

முரளிதரன் எழுந்தார். கேசவன் கையைக் காட்டி உட்கார வைத்தார்.

“இருங்க சார். எதுவா இருந்தாலும் உங்க எதிர்லயே சொல்லட்டும்.”

ஷோபா கதவைச் சாத்தினாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“அந்தப் பொண்ணுக்கு நைனா பேரு தெரியும் சார். மொதல்ல எழுதிக்கினு வந்து காட்டினதே அவதான். நான்தான் ரப்பர் போட்டு அழிச்சேன். அப்புறம்தான் எல்லாரையும் அம்மா பக்கம் மட்டும் எழுதச் சொன்னேன்.”

“அழிக்கற அளவுக்கு யாரு பேரு எழுதிச்சாம்?”

ஷோபா நோட்டை மூடி அவரிடம் நீட்டினாள்.

“உங்க பேருதான் சார். பக்கத்துல பவன் உக்காந்துக்கினு இருந்தான்.”