"ஆ" என்று ஒரு சத்தம்

"ஆ...!"

தையல்காரர் மனைவி போட்ட அலறலில் பக்கத்து வீட்டு ஜன்னல் படக்கென்று திறந்தது. "என்னாச்சு? வீட்டுக்காரர் கை நீட்டிட்டாரா?" என்று ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"அவரா? கொசுவை அடிக்கவே ரெண்டு தடவை யோசிக்கிற ஆளு. நாய்க்குட்டிக்குப் பாடம் நடக்குது. நீங்க போய் வேலையைப் பாருங்க" என்றாள் அவள். உண்மையில் அவளுக்கு வலிக்கவே இல்லை. குட்டி வாலுவின் பல் விரலில் லேசாகப் பட்டதோடு சரி.

கால்நடை டாக்டர் சொல்லிக்கொடுத்த வழி அது. குட்டி கடித்தால் அடிக்கக் கூடாது, மிரட்டவும் கூடாது. வலிக்கிற மாதிரி ஒரு கத்து கத்திவிட்டு, விளையாட்டை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்து போய்விட வேண்டும்.

"கூடப் பொறந்த குட்டிங்க கத்தித்தான் இதுக்கெல்லாம் வலின்னா என்னன்னு தெரியும். இங்கே நீங்கதான் அந்தக் குட்டிங்க" என்று சிரித்தார் டாக்டர்.

வழி நன்றாகவே பலித்தது. இப்போதெல்லாம் வாலு அவளிடம் பல்லை வைப்பது அபூர்வம். தபால்காரரைக் கண்டால்கூட நல்ல பிள்ளையாக வாலை ஆட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். தையல்காரரிடம் மட்டும்தான் கடி, அதுவும் நாளுக்கு நாள் அழுத்தமாக. அவர் பாட்டுக்குக் கையை அதன் வாயில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

"கத்துங்கன்னா கத்த மாட்டீங்களா? நான் பழக்கப் பழக்க நீங்க செல்லம் குடுத்துக் கெடுக்கிறீங்க!"

"தையல்காரன் கைக்கு ஊசி குத்தாத நாள் உண்டா? இதுக்கெல்லாமா கத்துவாங்க?"

அந்தக் கைதான் இத்தனை காலம் வீட்டை நடத்தியது, மகளைப் படிக்க வைத்துக் கட்டியும் கொடுத்தது. அதனால் அந்தப் பேச்சு வந்தால் அவள் வாயை மூடிக்கொள்வாள்.

ஆனால் இனியும் மூடிக்கொண்டிருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை மகள் கைக்குழந்தையோடு முதல் முறையாக வருகிறாள். போனில் கறாராகவே சொல்லிவிட்டாள். "அம்மா, அது கடிக்கிறதை விட்டிருந்தா இருக்கட்டும். இல்லேன்னா யார்கிட்டயாவது குடுத்துடுங்க. பச்சைப் பிள்ளையை வச்சுக்கிட்டு நான் பயந்துக்கிட்டே இருக்க முடியாது."

மகள் சொன்னதில் தப்பில்லை. கிடங்குக் காவலாளி ஒருவர் குட்டியை வாங்கிக்கொள்ளத் தயாராகவும் இருந்தார். அங்கே போனால் அதற்குக் காலமெல்லாம் சங்கிலிதான்.

அதற்கு அவளுக்கு மனசே வரவில்லை. குட்டிக்காக மட்டும் இல்லை, அவருக்காகவும்தான். மகள் போன பிறகு வீடு வெறிச்சோடிவிட்டது. அவர் தையல் மிஷின் முன்னால் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து அவள் பாதியாகிப் போயிருந்தாள். வாலு வந்த பிறகுதான் மனிதர் சிரித்தார்.

சனிக்கிழமை காலையில் அவரைப் பிடித்து உட்கார வைத்தாள். "இன்னிக்குப் பாடம் அதுக்கில்ல, உங்களுக்கு. கையைக் குடுங்க. கடிச்சதும் கத்துங்க."

தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு இடது கையைக் கீழே தொங்கவிட்டார். வாலு ஓடி வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "ஆ!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

வாலு திகைத்துப் போய் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது. பாவம், அது நக்கிக்கொண்டுதான் இருந்தது.

"நல்லா இருக்குங்க உங்க கூத்து! கடிச்சா கம்முனு இருக்கீங்க, நக்கினா கத்துறீங்க. அந்த வாயில்லா ஜீவன் எதைத்தான் கத்துக்கும்?" அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"சரி, இன்னொரு தடவை பாக்கலாம்" என்றார்.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் யாரோ கூப்பிட, அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். வாலு அவர் கட்டைவிரலைக் கவ்வியது. கவ்வியதை விடாமல் தலையை இப்படியும் அப்படியும் உதறியது. இதோ கத்துவார், இதோ கத்துவார் என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டிருந்தார். தைக்க வந்திருந்த வெள்ளைத் துணியில் ரத்தம் சொட்டியது.

அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பாய்ந்து போய்க் குட்டியைப் பிடுங்கினாள்.

"உங்க வீம்புக்கு ஒரு அளவே கிடையாதா? நாளைக்குக் குழந்தை கையை இது இப்படிக் கவ்வினா என்ன பண்ணுவீங்க? போதும். இப்பவே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துடுறேன்!"

வாலுவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அழுகையும் கூடவே வந்தது.

அப்போதுதான் அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார். பிறகு அவசரமாக எழுந்து வந்து வாசலை மறித்துக்கொண்டார். மகளை வழியனுப்பிய அன்றுகூட அவர் கண் கலங்கி அவள் பார்த்ததில்லை.

"வேணாம்மா. அது மேல ஒரு தப்பும் இல்ல. பழக்கிடலாம்."

"எப்படிப் பழக்குவீங்க? நீங்கதான் வாயே திறக்க மாட்டேங்கிறீங்களே!"

"திறக்கிறேன். நீ மட்டும் பக்கத்துலயே இரு." அவர் அந்தக் கையை அவள் முன்னால் நீட்டினார். "அது எப்போ கடிக்குதுன்னு சொல்லு. நான் கத்துறேன்."