மாதம் நானூறு ரூபாய்

நியாயத்தின் விலை மாதம் நானூறு ரூபாய். நாடாளுமன்றம், அரசாங்கம், நீதிமன்றம் மூன்றில் வேண்டியதற்கு மட்டும் வரி கட்டலாம் என்று மத்திய அரசு அறிவித்ததும், ஈரோட்டு மஞ்சள் வியாபாரி காளியண்ணன் நீதிமன்றத்தைத்தான் வெட்டினார். "நாம என்ன கோர்ட்டுப் படியா ஏறப்போறோம்?"

ஆறாம் மாதம் வேறொருவன் என்று நினைத்து அவர் மகனைப் போலீஸ் பிடித்துப்போனது.

"ஆளு மாறிப்போச்சுங்க சார். இதை யாருகிட்டச் சொல்றது?"

"எங்கிட்டத்தான். உங்க வீட்டுக்கு நாங்க மட்டுந்தானே?" என்றார் இன்ஸ்பெக்டர். "விசாரிச்சேன். நான் பிடிச்சது சரிதான்."

"பத்து வருசத்துக்குச் சேத்துக் கட்டிடறனுங்க!"

"கட்டுங்க. இனி பிடிக்கிற ஆளுக்குத்தான் செல்லும்."

வீட்டில் மனைவி மயிலாத்தாள், மிச்சம் பிடித்த இரண்டாயிரத்து நானூறைச் சோற்றுத் தட்டில் வைத்து நீட்டினாள். "எண்ணிக்குங்க. குறையப்போகுது."

பழக்கதோஷம், எண்ணினார். பணம் சரியாக இருந்தது. வீட்டில்தான் ஒருவன் குறைந்தான்.